தலைமடை பார்க்கப் போனவன்

தேனியில் ஒரு வீடு இருந்தால் போதும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினால், கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊருக்கும் போய் இரவுச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். வடக்கே பெரியகுளம், கிழக்கே ஆண்டிபட்டி, மேற்கே போடி. தென்மேற்கே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் வரும். கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப். அங்கிருந்து சாலை மலையேறிக் குமுளிக்குப் போய்க் கேரளத்தில் இறங்கும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை, பச்சைக்கு நடுவில் ஆறு. 2023 ஜூனில் என் தங்கை வீட்டில் தங்கி இந்த ஊர்களையெல்லாம் சுற்றினேன்.

எனக்கு அது வெறும் ஊர் சுற்றல் அல்ல. நான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பாசனத்துக்காரன். வைகையின் கடைமடை எங்களுடையது. எங்களைத் தாண்டினால் ஆற்றுக்குக் கடல்தான் மிச்சம். வைகை அணையிலிருந்து பூர்வீகப் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில் பன்னிரண்டில் ஏழு பங்கு ராமநாதபுரத்துக்கு, இரண்டு சிவகங்கைக்கு, மூன்று மதுரைக்கு என்று கணக்கு உண்டு. இந்த ஏழு பங்கை என் தாத்தா சொத்துப் பத்திரத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். தண்ணீர் வராத வருஷங்களில் இன்னும் அழுத்திச் சொல்வார். அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மேற்கு மலையைத் தாண்டி வருகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தங்கையைத் தேனியில் கட்டிக்கொடுத்த பிறகுதான் எனக்கு வழி பிறந்தது.

தங்கையின் மாமனார் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு திறக்கிறதும் அடைக்கிறதும் அவர் வேலையாக இருந்தது. வீட்டுக்குப் போன முதல் நாள் இரவே கேட்டார்: "தம்பி, எந்தெந்த ஊரு பாக்கணும்?" நான் சொன்னேன், "மாமா, ஊர் எதுவா இருந்தாலும் சரி. தண்ணி வர்ற வழியப் பாக்கணும்." அவருக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாள் காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். அதன்பிறகு பெரும்பாலும் அவரோடுதான் போனேன்.

வைகை அணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்தது, 71 அடி. பூங்காவும் குழந்தைகளும் ஐஸ் வண்டியும் நிறைந்த இடம். கரையின் மேல் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது தொடக்கம், உண்மையில் இது பாதிவழி. மாமாவும் அதையே சொன்னார். "இது தொட்டி தம்பி. குழாய் அந்தப் பக்கம்." மேற்கே கை காட்டினார்.

வருசநாட்டு மலையிலிருந்து வருவது வைகை. லோயர் கேம்பிலிருந்து வருவது முல்லையாறு. இரண்டும் தேனியைத் தாண்டித்தான் சேர்கின்றன. வைகை பெரும்பாலும் மணலாகக் கிடக்க, முல்லையாறு ஓடிக்கொண்டிருக்கும். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோவிலை ஒட்டி அந்த ஆற்றில் இறங்கினேன். சித்திரைத் திருவிழா முடிந்து அக்கினிச்சட்டிக் கூட்டமெல்லாம் போய்விட்டதால் படித்துறை காலியாக இருந்தது. ஜூன் மாதத்தில் இடுப்பளவு ஓடுகிற தண்ணீரில் நான் நின்றது அதுவே முதல் தடவை. எங்கள் ஊரில் அந்த மாதம் கண்மாய் வெடித்துக் கிடக்கும். சீமைக் கருவேலத்தின் நிழலைத் தவிர வேறு நிழல் இருக்காது.

சின்னமனூரில் நாற்றங்கால். வழக்கமாக ஜூன் முதல் தேதி வாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். இந்த எண்ணை மாமா மட்டுமல்ல, டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரும் ஏக்கர் குறையாமல் சொன்னார். வயலும் வாழைத் தோட்டமும் மாறி மாறி வர, அவற்றுக்குப் பின்னால் மேகமலை எழுந்து நிற்கும். அந்த மலைக்குப் போகும் சாலை சின்னமனூரிலிருந்துதான் பிரிகிறது. கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். தேயிலைத் தோட்டங்களுக்குள் மேகம் இறங்கி வருவதைப் பார்க்க இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கூட்டமாகப் போனார்கள். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் காடுகளோடு சேர்த்து அதைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். வைகை பிறக்கிற காடு பாதுகாப்புக்குள் வந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. காடு போனால் கடைமடைக்கு முதலில் தெரியாது. தெரியும்போது ஒன்றும் செய்ய முடியாது.

உத்தமபாளையம் மாமா வேலை பார்த்த இடம். காளாத்தீஸ்வரர் கோவிலுக்குப் போய்வந்து, ஆற்றோரம் ஒரு வாய்க்கால் தலைப்பில் நின்றோம். அங்கே ஒரு சின்ன ஷட்டர். உயரம் என் நெஞ்சுக்குக் கூட வராது. மேலே இரும்புத் திருகுத் தண்டு, அதில் கிரீஸ் காய்ந்து கறுத்திருந்தது. தண்டின் தலையில் சாவி மாட்டுகிற சதுரக் கட்டை. மாமா அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். மரை எத்தனை தெரிகிறது என்று பார்த்தே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொன்னார். நாலு மரை தெரிந்தால் இந்த வாய்க்காலுக்குப் போதும், ஆறு தெரிந்தால் யாரோ ராத்திரியில் வந்து திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம்.

"யாருன்னு கண்டுபிடிப்பீங்களா?"

"யாருன்னு தெரியும் தம்பி. அவன் வயலு காஞ்சு கெடக்கும். நான் திரும்ப ரெண்டு மரை எறக்கிட்டுப் போயிருவேன். சத்தம் போட்டா ஊருக்குள்ள வெட்டுக்குத்தாயிரும்."

அந்த இரண்டு மரையில் எங்கள் ஊர்த் தண்ணீரும் கொஞ்சம் இருந்திருக்கும். கோபம் வரவில்லை. நாங்களும் முறைப்பாசனத்தில் ராத்திரி மண்வெட்டியோடு காவல் நிற்கிறவர்கள்தான். ஒரு மனிதன் முப்பது வருஷம் இரும்புத் தண்டு ஒன்றைத் திருகித் திருகி இத்தனை ஊர்களுக்கு இடையே சண்டை வராமல் பார்த்திருக்கிறான் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் போன்ற லஸ்கர்களுக்கு ஒரு கல்வெட்டும் கிடையாது.

கம்பத்தில் அந்த மாதம் எல்லோர் வாயிலும் அரிக்கொம்பன். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அந்தக் கொம்பன் யானை, மேகமலைப் பக்கம் சுற்றி, மே 27-ஆம் தேதி கம்பம் நகருக்குள்ளேயே இறங்கிவிட்டது. தெருவில் ஓடிய யானையைக் கைப்பேசியில் எடுத்த படங்களை டீக்கடைக்காரர் எனக்குக் காட்டினார். ஒரு மனிதர் அடிபட்டு இறந்துபோனார். ஊரில் 144 போட்டார்கள். ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். "பாவம், அதுக்குக் கேரளா தெரியுமா, தமிழ்நாடு தெரியுமா" என்று ஒருவர் சொல்ல, "செத்தவன் குடும்பத்துக்கு யாருய்யா பாவம் பாக்குறது" என்று இன்னொருவர் சத்தம் போட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். எல்லைக்கோட்டை மதிக்காமல் இந்த மலையைத் தாண்டுகிறவை யானை மட்டுமல்ல, தண்ணீர், காற்று, கூலியாட்கள் எல்லாம்தான்.

கூலியாட்களைப் பார்க்க அதிகாலைப் பஸ்ஸில் கூடலூர் போனேன். விடிவதற்கு முன்பே சாலையோரம் ஜீப்புகள். தலையில் துண்டு கட்டி, கையில் தூக்குவாளியும் மடித்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். உள்ளே இடம் நிரம்பியும் ஆள் ஏறிக்கொண்டே இருக்கிறது. குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் போய் அன்றாடம் திரும்புகிறவர்கள். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் இப்படியே போகிறார்கள். கொண்டையூசி வளைவுகளில் இந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்தியை நான் வெறும் செய்தியாகப் படித்துக் கடந்திருக்கிறேன். அன்று ஒரு அம்மா ஏறும்போது என்னிடம் தூக்குவாளியைக் கொடுத்து, ஏறி உட்கார்ந்து, "குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டார். வாளி சூடாக இருந்தது. இனி அந்தச் செய்தியை என்னால் வேகமாகக் கடக்க முடியாது. அரசு நினைத்தால் அந்த நேரத்துக்குப் பஸ் விட முடியும். விட வேண்டும்.

அவர்கள் பறிக்கிற ஏலக்காய் போய்ச் சேர்கிற ஊர் போடி. நான் தங்கியிருந்தபோதுதான், ஜூன் 15-ஆம் தேதி, போடிக்கு மறுபடி ரயில் வந்தது. மதுரை–போடி பாதை 1928-இல் போட்டது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப் பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தி, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும் விட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை ரயிலைப் பார்க்காமலே பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிற காலம். தேனியிலிருந்து அந்த ரயிலில் போனேன். வேலை ஒன்றும் இல்லாமலே ஏறியவர்கள் பலர். ஒவ்வொரு கேட்டிலும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மக்கள் கையசைத்தார்கள்.

போடியில் ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார விட்டார்கள். சல்லடையில் அரித்து, பருமனில் எட்டு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள காயைத் தனியே குவிக்கிறார்கள். அதற்குத்தான் விலை. வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது எல்லாம் விரல் பட்டதும் ஒதுங்குகின்றன. விற்பனை மின்னணு ஏலத்தில், போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஊர் வழியாகத் தேயிலையும் இறங்கியது. கிளாஸ்கோவின் ஃபின்லே கம்பெனி மூணாறு மலையில் தோட்டம் வளர்த்தபோது, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கி, வண்டியில் போடிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலுக்கு அனுப்பினார்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊர் ஒன்றில் யாரோ குடித்த தேநீர் கொட்டகுடி வழியாகப் போயிருக்கிறது. கடல் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த மலையடிவார ஊருக்கும் ஒரு துறைமுக வாசனை இருப்பதுபோலப்பட்டது.

திராட்சையைச் சொல்லாமல் விட்டால் கம்பத்துக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சுருளி அருவிக்குப் போகிற வழியில் சுருளிப்பட்டி. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்ந்த பந்தல். குனிந்து உள்ளே போனால் வெயில் போய்விடுகிறது. பன்னீர் திராட்சைக் குலைகள் கருநீலத்தில், மேலே சாம்பல் பூத்ததுபோல ஒரு வெண்படலத்தோடு தொங்கின. பறிக்கிற அக்கா குலையைத் தொடவே இல்லை. காம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கத்தரியால் வெட்டினார். அந்த வெண்படலம் கலைந்தால் வியாபாரி பழையது என்று விலையைக் குறைப்பாராம். வெட்டிய குலையைத் தலைகீழாகப் பிடித்து, வெடித்த பழங்களை ஒவ்வொன்றாகக் கத்தரி முனையால் தட்டிவிட்டுப் பெட்டிக்குள் இறக்கினார். அந்த வருஷம்தான் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அதே 2023-இல்தான். தோட்டக்காரரிடம் அதைச் சொன்னேன். "அப்ப நாம பங்காளியாயிட்டோம்" என்று ஒரு குலையை என் கையில் வைத்தார். தண்ணீர் கிணற்றிலிருந்துதான் பாய்கிறது. ஆனால் "ஆத்துல தண்ணி போனாத்தான் கெணத்துல தண்ணி நிக்கும்" என்றார்.

கடைசியாக லோயர் கேம்ப். மலைச்சரிவில் நான்கு பெரிய குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கி மின்நிலையத்துக்குள் நுழைகின்றன. தேக்கடியில் தேங்கிய தண்ணீர், மலையைக் குடைந்த ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான சுரங்கத்தின் வழியாக வந்து, இந்தக் குழாய்களில் விழுந்து மின்சாரம் கொடுத்துவிட்டு ஆறாக வெளியே வருகிறது. மின்நிலையத்துக்குள் போகாத தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக இறங்கும். நாங்கள் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மாமா பேசவே இல்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே திருப்பி, எங்கள் வங்காள விரிகுடாப் பக்கம் அனுப்புகிற இடம் அது.

பக்கத்தில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக்கின் மணிமண்டபம். 1841 ஜனவரி 15-இல் பிறந்தவருக்கு 2013-இல் அதே தேதியில் திறந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் டீக்கடையில், வீட்டு நடைவாசலில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் அவர் படம் உண்டு. பாலார்பட்டியில் தைப்பொங்கலை அவர் பெயரிலேயே கொண்டாடுகிறார்கள். தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர். 1887-இல் தொடங்கிய வேலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மறுபடி தொடங்கி, 1895 அக்டோபர் 10-ஆம் தேதி சென்னை ஆளுநர் வென்லாக் திறக்கும்வரை கொண்டுபோனவர். அவருக்கு இந்த மரியாதை தகும். ஆனால் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து, அந்தக் காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். சிலைக்கு முன்னால் ஒரு தாய் குழந்தையின் கையைக் கூப்ப வைத்தபோது, அந்தக் கும்பிடு அவர்களுக்கும் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். இந்தத் தண்ணீரைத் திருப்பலாம் என்று முதலில் யோசித்த இடம் லண்டனும் இல்லை, சென்னையும் இல்லை. எங்கள் ராமநாதபுரம். சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். முடியும் என்று தெரிந்தது, பணம் இல்லை. 1808-இல் கால்டுவெல் என்ற கேப்டன் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதினார். 1876-இல் பிடித்த தாது வருஷப் பஞ்சம் எங்கள் பக்கத்தை வாரிக்கொண்டு போன பிறகுதான் அரசாங்கம் உண்மையாக அசைந்தது. காய்ந்த ஊர்க்காரனுக்குத்தான் மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

மாமாவும் நானும் குமுளிக்கு ஏறினோம். தமிழ்நாட்டுப் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். நடந்து கடந்து ஆட்டோ பிடித்துத் தேக்கடி போனோம். ஏரிக்குள் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக நின்றுகொண்டிருக்கின்றன. அணை அங்கிருந்து தெரியாது. குமுளியில் சாப்பிட்ட கடைக்காரர், வண்டிப்பெரியாறில் அவருடைய அக்கா வீடு இருப்பதையும், பெருமழைக் காலத்தில் அங்கே யாரும் தூங்குவதில்லை என்பதையும் சொன்னார். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எங்களுக்கு வாழ்வு. அவர் அக்காவுக்கு அது ராத்தூக்கம். தண்ணீர் எங்களுக்கு வந்தே ஆக வேண்டும். அந்த அக்காவும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள்தான் இந்த விஷயத்தில் பேசத் தகுந்தவர்கள் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த பொங்கலுக்கு எங்கள் ஊர்க்காரர் சிலரை வேன் பிடித்துப் பாலார்பட்டிக்குக் கூட்டிப்போனேன். பானை பொங்கிக்கொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் பென்னிகுக் படம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நம்ம பிரதானிக்கு இங்கன ஒரு எடமும் இல்லையா?" என்று மாமாவிடம் கேட்டார். முத்திருளப்ப பிள்ளை கதையை மாமா என்னிடம்தான் கேட்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"படம் கெடைக்கலேன்னா பேர எழுதியாவது கொண்டாங்கய்யா," என்றார். "ஆணி நான் அடிக்கிறேன்."